மைதானத்துக்கு வந்த எடை மிஷின்

இன்று காலையில் அந்த எடை மிஷின் என் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கபடி கிளப்புக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்கள், கண்ணாடித் தட்டும் நம்பர் மின்னும் சின்னத் திரையுமாக. பழையதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று செயலாளர் சொன்னார். "போட்டுப் பாரும், அப்புறம் தெரியும்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். என் வாய்க்கு முத்தையாபுரத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது, நீ கவலைப்படாதே.

பிளாஸ்டிக் வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறேன். மேலே ஒட்டியிருந்த ரப்பர் உரிந்துவிட்டது. உப்புக் காற்றில் ஓரமெல்லாம் துரு. ஆள் ஏறாவிட்டாலும் முள் சைபருக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. குனிந்து துடைத்தபோது துருவும் செம்மண்ணும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். துறைமுகத்து பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் ஆபீஸ் பையோடு, "ஏளா, காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே.

நீ போய்ச் சேர்ந்து, கிறிஸ்துமஸ் வந்தால் வருடம் திரும்பிவிடும். இத்தனை நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். இன்றைக்கு அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

சாயர்புரத்துக் காலேஜில் நாம் கபடி ஆடியபோது நான் ரைடு போவேன், நீ பிடிப்பாய். ஓடுவது எனக்குச் சுலபம், நிற்பது உனக்குச் சுலபம். எதிராளி கண்ணைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்தேன். நீ துறைமுகத்தில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் சேர்ந்தாய். கல்யாணம் வேண்டாம் என்றாய், யார் சொல்லியும் கேட்கவில்லை. என் மகள் கபடி கிளப்பில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் உனக்கு அதுதான் வேலை. கடையில் காப்பி, அப்புறம் என்னோடு மைதானம். அங்கே உனக்கென்று பிள்ளை யாரும் ஆடவில்லை. ஆனாலும் ரெப்ரியைத் திட்டுவதில் எல்லாத் தாய்மாரையும் நீ தோற்கடித்தாய்.

பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்த மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் தீராது. அவன் பெயர் இதில் வராது, அந்த மரியாதை அவனுக்கு வேண்டாம். அப்போது நமக்கெல்லாம் அவர் 'அவர்'தான். ஒரு பிள்ளைக்குக் கை பிசகினால் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். தேர்வு சமயத்தில் வீடு வீடாகப் போய் "படிக்காளா?" என்று விசாரிப்பார். மைதானத்து ஷெட்டில் கோப்பைகள் வரிசையாக நின்றன. அவரிடம் ஆடிய பிள்ளைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜுக்கும் போலீஸ் வேலைக்கும் போனார்கள். என் வீட்டுக்காரர் அவரைக் கண்டால் கல்லாவை விட்டு எழுந்து நிற்பார்.

பெரும்பாலும் விஜயதசமிக்குத்தான் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். உனக்கு நினைவிருக்கும். வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த தட்டை மாஸ்டர் கையில் கொடுத்து எல்லா அப்பாக்களும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சொன்ன அதே வசனம். அந்த வருடம் ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். நெல் விவசாயி. வெயிலில் கறுத்த உடம்பு, வெளுத்த வேட்டி, தோளில் ஒரு வாழைத்தார். பிள்ளை இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரை நீயும் நானும் வெளியே சொன்னதே இல்லை, இங்கேயும் எழுத மாட்டேன்.

அவர் தட்டை நீட்டிக் குனிந்து சொன்னார்: "இனிமே இவ ஒங்க பிள்ள சார். கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சாலும் நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நீ என் காதில் முணுமுணுத்தாய்: "ஏன்னு கேக்க மாட்டோம்னு எதுக்குளா சொல்லுதாரு? யாரு இவர கேட்டா?"

"அது ஒரு மரியாதைக்குச் சொல்லுதது" என்றேன்.

"மரியாதைக்கு வாழத்தாரு போதாதா?"

சிரித்தோம். பக்கத்தில் அந்தப் பிள்ளை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடையோடு, அப்பா வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் ரைடு போனால் கண் இமைக்க முடியாது. போன வேகத்தில் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். "ஏளா, ஒன்ன மாதிரியே ஓடுதா, ஆனா ஒன்ன விட அறிவா ஓடுதா" என்று நீ என்னைக் கிண்டல் செய்தாய். மாநிலப் போட்டிக்கு அணி எடுக்கும் சமயம் வந்தது. இந்த வயதுப் பிரிவில் இன்ன எடைக்கு மேல் இருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் வாரம் தவறாமல் எடை பார்ப்பது வழக்கம். ஷெட்டுக்குள் மிஷின். ஒவ்வொருத்தியாக உள்ளே போக வேண்டும். கதவு சாத்தியிருக்கும். ஏறியவள் குனிந்து பார்க்கக் கூடாது, முள் எங்கே நின்றது என்று மாஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் தாய்மார் பத்தடி தள்ளி உட்கார்ந்து மீன் விலை பேசிக்கொண்டிருப்போம். அந்தக் கதவு யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்தியது உனக்குத்தான். பழக்கம் விடாமல் நீ பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எல்லாவளும் சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போவணும்னு முன்னால இடிச்சிக்கிட்டு நிக்காளுவ. இவ மட்டும் பின்னால பின்னால போறா பாரு. ஒவ்வொருத்தியா முன்னால விடுதா."

நான் பார்த்தேன். உண்மைதான். வரிசையின் கடைசியில் போய் நின்று, கடைசி ஆளாகிவிட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறாள். சடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறாள். போன மாதம் வரை நான்கு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை ஒரு வாழைப்பழத்தைக்கூட வேண்டாம் என்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அன்று வீட்டில் என் மகளிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "டீம் விஷயத்த வீட்டுல சொல்லப்பிடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, இப்போதே போய் அவன் சட்டையைப் பிடிக்கப் போகிறேன் என்று குதித்தேன்.

நீ காப்பியை ஊதி ஊதிக் குடித்தாய். "சட்டையப் பிடி, நல்லாப் பிடி. நீ போடுத சத்தத்துல ஊரு பூரா யாரு பேரச் சொல்லும்? அவன் பேரயா? முதல்ல பிள்ள. அப்புறம் அவன்."

அப்புறம் என் கடையிலிருந்து ஒரு கடப்பா கல் துண்டைத் தூக்கச் சொன்னாய். மைதானத்தில், கோடு போட்ட ஆடுகளத்தை ஒட்டி அதைப் போட்டுவிட்டு நேராக ஷெட்டுக்குள் போனாய். எடை மிஷினை இரண்டு கையாலும் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாய். சேலை முந்தானையெல்லாம் துரு. "உள்ள ஒரே புழுக்கம் மாஸ்டர். பிள்ளையளுக்கு வேர்த்து ஊத்துது. இங்கன காத்தாட பாப்போம்."

அவன் சிரித்தான். திறந்த வெளியில் முள் சரியாகக் காட்டாது என்றான். "அதுக்குத்தான் கல்லு போட்டிருக்கேன். சந்தேகமா இருந்தா மொதல்ல என்னப் பாருங்க" என்று நீ ஏறி நின்றாய். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வெட்கமே இல்லாத சிரிப்பு. அதற்குப் பிறகு அவனால் உள்ளே தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். நீ எடையைச் சத்தமாகப் படிக்கவில்லை, ஏறியவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய். அந்தப் பிள்ளை ஏறியபோது உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். எடை கூடிவிட்டது, அணியை விட்டு எடுத்துவிடுவேன் என்று அவன் அவளை உள்ளே மிரட்டிக்கொண்டிருந்தது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த எடை கூடவே இல்லை. வரம்புக்கு வெகு கீழே இருந்தாள். தன் கண்ணால் முள்ளைப் பார்த்தாள். குனிந்தபடியே நெடுநேரம் பார்த்தாள்.

மற்றத் தாய்மாருக்கு உன் மேல் கோபம். மாஸ்டரைச் சந்தேகப்படுகிறாயா, அவர் மனம் நொந்து போய்விட்டால் நம் பிள்ளைகள் கதி என்ன என்று சூழ்ந்துகொண்டார்கள். அப்போது நீ சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் திருப்பிச் சொல்லிவிட்டேன்.

"எங்கப்பா சங்கு குளிக்கப் போவும்போது மேல வள்ளத்துல கயிறு பிடிக்கது எங்கம்மா கூடப் பிறந்த மாமாதான். வேற யாரு கையிலயும் அந்தக் கயிறக் குடுக்க மாட்டாவ. தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான இருக்கு, அதான் கண்ண அங்கன இங்கன திருப்ப மாட்டாரு. கடல் மேல சந்தேகப்பட்டா பிடிச்சாரு? கீழ ஆளு இருக்கு, அதனால பிடிச்சாரு. நம்ம பிள்ளைய உள்ள இருக்கும்போது நாம என்னளா மீன் வெல பேசிக்கிட்டிருக்கோம்?"

மறுநாள் பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளை தானாகவே கடைக்கு வந்தாள். உன்னைத்தான் தேடினாள். கடைக்குப் பின்னால் வாளிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நீ தரையிலேயே உட்கார்ந்தாய், அவளும் உட்கார்ந்தாள். நான் முன்னால் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டேன், காது மட்டும் அங்கே.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அத்த" என்றாள்.

"அந்தச் சத்தியம் மட்டும் பண்ண மாட்டேன்" என்றாய். "ஒன்னக் காப்பாத்தணும்னா சில பேருகிட்டச் சொல்லித்தான் ஆவணும். ஆனா யாருகிட்டச் சொல்லுதேன்னு ஒன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். ஒனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். போகவில்லை. சொன்னாள். எடை பார்க்கிற சாக்கில் நடந்ததையெல்லாம் சொன்னாள். நீ இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. முடிந்ததும், "நீ சொன்னத நான் நம்புதேன். ஒன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அப்புறம், ஏன் இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லை என்பதை அவளே சொன்னாள்.

"எங்கய்யாதான் அன்னைக்கே ஏன்னு கேக்க மாட்டோம்னு சொல்லிட்டாவளே. பொறவு யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

மரியாதைக்கு என்று நாம் சொல்கிற ஒரு வசனம். பெரியவர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். பிள்ளை மறக்கவில்லை. அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு அந்தச் சின்ன உடம்பு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கே, அவளிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டாய். அவள் சித்தியிடம் சொன்னாய். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அப்பா வந்துவிட்டார். அதற்குள் விஷயம் எப்படியோ கிளப்புக்காரர்களுக்கு எட்டிவிட்டது. ஷெட்டுக்கு முன்னால் நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். மைதானத்துக்கு மண் அடித்துக் கொடுத்த அண்ணாச்சி, செயலாளர், இன்னும் சில பெரிய மனுஷர்கள். மாஸ்டர் ஓரமாகக் கை கட்டி நின்றான். வேட்டி கசங்காமல்.

அண்ணாச்சி தணிவாகத்தான் பேசினார். "பொம்பளப் பிள்ள விஷயம். வெளிய போனா யாருக்கு அசிங்கம்? இவர இன்னையோட போவச் சொல்லிருவோம். பேசி முடிச்சிருவோம்."

"பேசி முடிக்கதுக்கு இது என்ன வேலித் தகராறா அண்ணாச்சி?" என்றாய் நீ. "இங்க இருந்து போவாரு. போற ஊருல பிள்ளைய இல்லையா?"

அப்போதுதான் ஒருவர் அதைச் சொன்னார். யார் என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் கடைக்கு வந்தால் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பிள்ள பெத்திருந்தா பிள்ள பேரு கெடுதது என்னன்னு தெரிஞ்சிருக்கும்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. உன் கண் நிறைந்துவிட்டது, ஆனால் நீ அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மனுஷர் அதுவரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றிருந்தார். நிமிர்ந்தார். "இந்த எடத்துலதான் தட்டக் குடுத்தேன். ஏன்னு கேக்க மாட்டோம்னு என் வாயால சொன்னேன்." மாஸ்டர் பக்கம் ஒரு அடி வைத்தார். "இப்ப கேக்குதேன். ஏன்?"

மாஸ்டர் தரையைப் பார்த்தான். அப்பா மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். நீயும் நானும் பின்னாலேயே போனோம். நாலு பேருமாக மகளிர் காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறினோம்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், நீதான் எல்லாவற்றுக்கும் அலைந்தாய். அவனைப் பிடித்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் வாய் திறந்தார்கள். வழக்கு இழுத்தடித்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். கபடியைப் பற்றி மட்டும் பேசுவாயாம், வழக்கைப் பற்றிப் பேசவே மாட்டாயாம். உன்னால் கிளப்பே நாசமாகிவிட்டது என்று ஏசினவர்கள் உண்டு. ரொம்ப நாள் மைதானத்தில் ஆடுகள்தான் மேய்ந்தன.

திரும்ப ஆரம்பித்தபோது பெண் பயிற்சியாளர் வந்தார். ஷெட்டுக் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று நீ நின்றாய், கழற்றினார்கள். வெளியூருக்குப் போனால் தாய்மாரில் இரண்டு பேர் கூடப் போகிறோம். பயிற்சியாளர் பிள்ளைகளுக்குத் தனியாகப் போன் செய்வது கிடையாது, எதுவானாலும் நாங்கள் இருக்கிற குரூப்பில்தான். புதிதாக வந்த பயிற்சியாளருக்கு முதலில் முகம் சுண்டியது. "ஒங்கள நம்பாம இல்ல டீச்சர். நாளைக்கு ஒருத்தன் ஒங்க மேல இல்லாததச் சொன்னா, கூட இருந்து பாத்தவங்க நாங்க இருப்போம்லா" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்துவிட்டாய்.

எடை மிஷின் அந்தக் கடப்பா கல்லிலேயே இருந்தது, மழைக்கு மட்டும் மேலே ஒரு தார்ப்பாய்.

அந்தப் பிள்ளை ஒரு வருடம் போல ஆடவில்லை. பிறகு அவளாகவே ஆடினாள். இப்போது காலேஜ் அணியில் இருக்கிறாள். பழைய சிரிப்பு முழுசாக வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், உன்னிடம் பொய் எடுபடாது. ஆனால் சாப்பிடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். உன் அடக்கத்துக்கு அப்பாவோடு வந்திருந்தாள். உன் தெரு ஆட்கள் மண் போட்டு முடிந்த பிறகும் அவர் போகவில்லை. துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, வெயிலில், கடைசி ஆள் போகும்வரை நின்றார்.

அன்றைக்கு நீ சொன்ன கயிற்றுக் கதையில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் 'போளா' என்றிருப்பாய். உன் மாமா கயிறு பிடித்தார், சரி, அவர் தங்கச்சி தாலி அதில் இருந்தது. உனக்கு அந்த மைதானத்தில் என்ன இருந்தது? எங்களுக்கெல்லாம் கீழே பிள்ளைகள் இருந்தார்கள், நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். உனக்கு யாருமே இல்லை, நீ கண்ணை எடுக்கவில்லை. பெறாதவள் என்று சொன்ன அந்த ஆளுக்கு இதற்குப் பதில் தெரியுமா என்று ஒரு நாள் கடையில் வைத்தே கேட்கப் போகிறேன். நீ தடுக்க முடியாது.

போன வாரம் விஜயதசமி. புதுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், புதிதாகக் குடி வந்திருக்கிறார். பல்லில்லாத ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டைப் பயிற்சியாளர் கையில் கொடுத்துக் குனிந்தார். "இனிமே இவ ஒங்க பிள்ள டீச்சர். கண்ண மட்டும் விட்டுட்டு..." என்று தொடங்கினார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் வரிசையில் நின்ற ஒரு வாண்டு முந்திக்கொண்டது. நீ போன பிறகு, கோடை லீவில் சேர்ந்தவள் அவள், உன்னைப் பார்த்ததே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்படிச் சொல்லப்பிடாது மாமா. இங்கன, நாங்க கேப்போம்னுதான் சொல்லணும்."

அந்த மனுஷர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் தட்டை மறுபடி வாங்கி, மறுபடி கொடுத்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எம் பிள்ளைய ஒங்ககிட்ட விடுதேன் டீச்சர். நாங்க கேப்போம்." சொல்லிவிட்டு மகளைக் குனிந்து பார்த்தார். அந்தப் பல்லில்லாத வாய் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னதைக் கேட்டுக்கொண்டது.